ஆறடி எங்கிருந்து?

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் வேலியைப் பற்றி ஏதாவது சொல்லாமல் விட்டதில்லை. 'கிடுகுவேலிக் கலாசாரம்' என்ற தொடர் ஒருகாலத்தில் வசையாக வழங்கியது. பின்னர் ஊரைவிட்டுப் போனவர்களிடையே அதே தொடர் ஏக்கத்தோடு வழங்கலாயிற்று. இளம் நிருபராக நீதிமன்றங்களுக்குப் போய்வந்த காலத்தில் வேலி வழக்குகளை நானும் ஏராளமாகக் கேட்டிருக்கிறேன். அவை பெரும்பாலும் எல்லை பற்றியவை. வேலி அடைக்கும்போதெல்லாம் கதியாலை ஒரு சாண் அப்பால் தள்ளி நட்டுவிட்டார் என்பதுதான் முறைப்பாடாக இருக்கும். வேலியின் அகலத்துக்கும் போக்குக்கும் சண்டை பிடித்தவர்களைக் கண்டிருக்கிறேன். உயரத்துக்குச் சண்டை பிடித்தவர்களைக் கண்டதாக நினைவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஓலைவேலியின் உயரத்தை யாரும் அடிக்கணக்கில் பேசியதில்லை. "ஆள் மறைய அடையுங்கோ" என்பதுதான் கட்டளை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் எதுவாக இருந்தாலும், வரிச்சுக்கட்டி, ஒழுங்கையால் போகிறவருக்கு உள்வளவில் நிற்கும் ஆள் தெரியாத உயரத்துக்கு ஓலை வைத்துக் கட்டினால் வேலை முடிந்தது. தென்னங்கிடுகு ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு நிற்கும். பனையோலை சற்றுக் கூடத் தாங்கும். கழற்றிய பழைய ஓலையைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாட்டுவிடுவார்கள். இவ்வாண்டு வேலி பதிந்துபோனால் அடுத்த அடைப்பில் ஒரு முழம் உயர்த்திவிடலாம். தவறு நடந்தாலும் அதன் ஆயுள் ஒரு வருடந்தான்.

மதில் அப்படியல்ல. நான் சொல்லவந்த கதை மதிலின் கதை.

எங்கள் வளவின் ஒழுங்கைப் பக்கம் 84 அடி நீளம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அந்த எல்லையில் ஓலைவேலி இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வேலியைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சிய இடத்தில் வளவுக்கூடாக ஒரு நடைபாதை வெட்டப்பட்டிருந்தது. பின்னர் முட்கம்பி, அதன்பின் தகரம். அந்தத் தகரவேலி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்ட நிலையில்தான், 2022 ஜனவரியில், சீமெந்துக் கல்லால் மதில் கட்டுவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்தோம் என்றால் அக்காவும் நானும். அக்காவுக்கு அப்போது 74 வயது. வீட்டில் அவர் சொல்லே சட்டம்.

கொந்தராத்துக்காரர் பக்கத்து ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். தகப்பனார் வேலி அடைக்கும் தொழிலாளி. எங்கள் வளவுக்கே பல தடவை வேலி அடைத்தவர். மகன் மேசனாகத் தொடங்கி, நாலைந்து பேரை வைத்து வேலை எடுத்துச் செய்யுமளவுக்கு வந்திருந்தார். பொருளும் கூலியும் சேர்த்து மொத்தத் தொகை பேசினோம். "நீளம் 84 அடி, உயரம் 6 அடி, பத்தடிக்கு ஒரு தூண், இருபுறமும் பூச்சு" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். பணம் மூன்று தவணை. ஒழுங்கையோரம் மதில் எழுப்புவதற்குப் பிரதேச சபையில் பெறவேண்டிய அனுமதியும் பெற்றாயிற்று.

பெப்ரவரியில் அத்திவாரம் வெட்டினார்கள். அத்தோடு நாடு விழுந்தது.

அந்த மாதங்களை வெளிநாடுகளில் இருந்து செய்தியாகப் படித்தவர்களுக்காகச் சில வரிகள். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவை அதன் போக்கில் விட்டது. டொலருக்கு இருநூறு ரூபாவளவில் இருந்த பெறுமதி சில வாரங்களுக்குள் முந்நூறைக் கடந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. கல் அரியும் இடத்தில் இயந்திரம் ஓடவில்லை. மணல் ஏற்ற லொறிக்கு டீசல் இல்லை. சீமெந்து விலை மே மாதமளவில் ஜனவரியில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. அதுவும் கடைக்காரரைத் தெரிந்தவர்களுக்கே கிடைத்தது. எங்கள் அத்திவாரம் இரண்டு மாதம் வெயிலில் கிடந்தது. கோழிகள் அதனுள் இறங்கிக் குளித்தன.

இன்னொன்றும் நடந்தது. மின்சாரம் இல்லாதபடியால் நீர்ப்பம்பி இயங்கவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. குளியலறையை விட்டு அக்கா மீண்டும் கிணற்றடிக்குப் போனார். முப்பது வருடத்துக்குப் பிறகு குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளிக் குளித்தார். மின்வெட்டு மூன்று மணிநேரமாகக் குறைந்த பின்னரும் அவர் குளியலறைக்குத் திரும்பவில்லை. கிணற்று நீர் உடம்புக்கு நல்லது என்றார். எங்கள் கிணறு ஒழுங்கையோரமாக, மதிலுக்குப் பதினைந்தடி தள்ளி இருக்கிறது.

மே நடுப்பகுதியில் வேலை மறுபடி தொடங்கிற்று. ஜூன் நடுவில் மதில் முடிந்துவிட்டது, பூச்சுத்தான் மிச்சம் என்றார். நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனேன். உள்வளவு நிலத்திலிருந்து மதிலின் உச்சிவரை 5 அடி 4 அங்குலம். ஒழுங்கைப் பக்கத்தால் போய் அளந்தேன். 4 அடி 7 அங்குலம். முந்திய ஆண்டு ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டபோது அது வளவை விட ஒன்பது அங்குலம் உயர்ந்திருந்தது.

"தம்பி, ஆறடி எங்கை?" என்று கேட்டேன்.

"ஒன்பது வரிசை ஐயா. ஒரு வரிசை எட்டங்குலம். எண்ணிப் பாருங்கோ."

எண்ணினேன். எட்டு வரிசைதான் இருந்தது.

"அத்திவாரத்துக்கு மேலை ஒரு வரிசை மண்ணுக்குள்ளை போட்டிருக்கு. அதையும் சேர்த்துத்தான் நாங்கள் கணக்கெடுக்கிறது. எல்லாரும் அப்பிடித்தான்."

எட்டங்குலத்தை ஒன்பதால் பெருக்கினால் எழுபத்திரண்டு அங்குலம், அதாவது ஆறடி. கணக்கில் பிழை இல்லை. அவர் ஆறடி கட்டியிருந்தார். அதில் எட்டங்குலம் மண்ணுக்குள் இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் மதில் யாரை மறைக்கும் என்று நான் கேட்டதற்கு, மண்ணுக்குள் இருக்கும் கல்லுக்கும் சேர்த்துத்தானே கடைக்காரன் காசு வாங்குகிறான் என்றார். இரண்டு கேள்வியும் நியாயமானவையாகத்தான் எனக்கு இன்றும் படுகின்றன. ஆனால் மதில் கட்டச் சொன்னவன் வாங்குவது மறைப்பை. கல்லின் எண்ணிக்கை கட்டுபவரின் கணக்கு. ஆறடி என்று ஒருவர் சொல்லும்போது நிலத்துக்கு மேலேதான் ஆறடி என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. கடைசித் தவணையை நிறுத்திவைத்தேன்.

ஒரு கிழமை பேச்சில்லை. மேசன்மார் வரவில்லை. பூசாத மதில் நின்றது.

பலரும் பல ஆலோசனை சொன்னார்கள். மத்தியஸ்த சபைக்கு எழுதிப்போடு என்றார் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட அந்தச் சபைகள், இப்படியான சிறு தகராறுகளை நீதிமன்றப் படிக்கு முன்னரே பேசித் தீர்ப்பதற்கானவைதான். வழக்கறிஞர் இல்லை, மூவர் கொண்ட குழு முன் இருந்து கதைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போகும்போது ஒருவர் முறைப்பாட்டாளர், மற்றவர் எதிராளி என்று பெயர் விழுந்துவிடும். நாளைக்கு நல்லது கெட்டதற்கு முகம் பார்க்கவேண்டிய மனிதர். அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. வேறு ஆளைப் பிடித்து ஒரு வரிசையை வைத்துவிட்டுக் கணக்கில் கழித்துவிடு என்றார் இன்னொருவர். ஒருவர் கட்டிய மதிலின்மேல் இன்னொருவர் கல் வைத்தால், பிறகு வெடிப்பு வந்தால் இருவருமே பொறுப்பேற்கமாட்டார்கள்.

உருப்படியாகப் பேசியவர் நாலு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவர் வந்து மதிலைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். "உயரம் எண்டு ஒரு சாமான் தனியாக இல்லை. எந்த மட்டத்திலை இருந்து எண்டதுதான் உயரம்" என்றார். பீதுருதாலகால மலை 2,524 மீற்றர் என்கிறோம், அது கடல்மட்டத்திலிருந்து. மலையடிவாரத்தில் நிற்பவனுக்கு அது அவ்வளவு உயரமாகத் தெரியாது. மலைநாட்டில் ஒரு சுவர் கட்டுவதானால் மேசன் முதலில் கேட்பது மட்டம் எங்கே என்றுதான். யாழ்ப்பாணம் தட்டை நிலம். உள்ளும் வெளியும் ஒன்றாகவே இருந்த ஊர். அதனால் இங்கே எந்தத் தாளிலும் மட்டம் எழுதுகிற வழக்கம் வரவில்லை. கொங்கிறீற் ஒழுங்கைகள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஊரிலுள்ள ஒழுங்கைகளில் அநேகமானவை இப்போது வளவுகளைவிட உயர்ந்து நிற்கின்றன. மழை பெய்தால் வெள்ளம் ஒழுங்கையில் நில்லாமல் முற்றத்துக்கு வருவதும் அதனால்தான். அவர் இதையெல்லாம் விளக்கிவிட்டுத் தேநீர் குடித்தார். யார் சரி என்று மட்டும் சொல்லவில்லை. அளவையாளர்களுக்கு அது பழக்கமில்லை.

ஜூன் 28ஆம் திகதி முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. ஊர் முழுவதும் சைக்கிளுக்குத் திரும்பியது. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறைக்கு அது புதிதல்ல என்றாலும், கால்கள் வயதாகியிருந்தன. அந்த நாட்களில் ஒரு மாலை கொந்தராத்துக்காரர் சைக்கிளில் வந்தார். மீதிப் பணத்தைக் கேட்கத்தான் வந்திருந்தார். படலையைத் திறந்து உள்ளே வந்தவர், வழக்கமாகத் தொடங்கும் இடத்திலிருந்து தொடங்கவில்லை.

"அம்மா கிணத்தடியிலை நிக்கிறா" என்றார் தாழ்ந்த குரலில். "சைக்கிளிலை வரேக்கை தெரியுது ஐயா. நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒழுங்கையில் நடந்து வருபவருக்கே 4 அடி 7 அங்குலத்துக்கு மேலால் எல்லாம் தெரியும். சைக்கிள் இருக்கையில் இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வந்துபோன நாட்களில் அவர் வேகமாக வந்து படலையில் நிறுத்திவிடுவார். அக்காவும் அந்த இரைச்சல் கேட்டால் விலகிவிடுவார். சைக்கிளுக்குச் சத்தமில்லை.

விறாந்தையில் இருந்தோம். அன்றைக்குத்தான் அவர் முழுவதையும் சொன்னார். ஜனவரியில் பேசிய மொத்தத் தொகையில் மே மாத விலைக்குச் சீமெந்து வாங்கியதால் தமக்கு இந்த வேலையில் மிச்சம் எதுவுமில்லை. ஏப்ரலில் இரண்டு வேலைகளை இடையில் விட்டுவிட்டார், எங்களுடையதை விடவில்லை. "சீமெந்து ஏறின காசை நான் உங்களிட்டைக் கேக்கேல்லை. நீங்கள் ஒரு வரிசையைக் கேக்கிறியள்."

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த நியாயத்தை நான் மறுக்க முடியாது. பேசிய தொகைக்குக் கட்டித்தரவேண்டியது அவர் கடமை என்று சட்டம் சொல்லும். ஆனால் நாணயத்தின் பெறுமதி சில வாரங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரைந்துபோன ஆண்டில், ஜனவரியில் எழுதிய தாளை ஜூலையில் அவர் முன் விரித்துவைப்பது எனக்கு உவப்பாக இருக்கவில்லை. மண்ணுக்குள் போன வரிசையை அவர் எண்ணியது ஏமாற்றுவதற்காக என்றும் நான் கருதவில்லை. அந்தக் கணக்கு முறை அவருடைய தொழிலில் உள்ளதுதான். வேறு ஆண்டாக இருந்தால் ஒரு வரிசையைச் சும்மாவே வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த ஆண்டில் அவரால் முடியவில்லை. அவ்வளவுதான்.

கணக்குப் பார்த்தோம். 84 அடி நீளத்துக்கு ஒரு வரிசை 63 கல். உடைவு சேர்த்து எழுபது. கட்டவும் கூடுதலான பூச்சுக்கும் மூன்று பை சீமெந்து. ஒரு மேசனுக்கும் ஒரு கையாளுக்கும் இரண்டு நாள். பொருளை அன்றைய விலைக்கு நான் வாங்கித் தருவது, கூலி அவருடையது, கடைசித் தவணையில் ஒரு சதமும் குறைப்பதில்லை என்று முடிவாயிற்று. கால்மணி நேரத்தில் முடிந்துபோன இந்தப் பேச்சுக்கு ஒரு கிழமை மௌனம் எதற்காக என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார்.

ஆனால் அதோடு தீரவில்லை. ஒன்பதாவது வரிசை வைத்தால் உள்ளே சரியாக ஆறடி. வெளியே 5 அடி 3 அங்குலம். நடந்து போகிற நெட்டையானவருக்கும் சைக்கிளில் போகிற அனைவருக்கும் கிணற்றடி அப்போதும் தெரியும். இன்னும் ஒரு வரிசை போடலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அத்திவாரமும் தூண்களும் ஆறடிக்குத்தான் வெட்டப்பட்டவை. நாலங்குலக் கல். வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கிற ஊர். மாரியில் உள்வளவில் வெள்ளம் நின்றால் அதன் தள்ளல் வேறு. அடியில் வடிகால் துளை விட்டிருந்தாலும் அவர் துணியமாட்டார். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி மழை கொட்டியபோது எத்தனை மதில்கள் நீட்டி நிமிர்ந்து படுத்தன என்பது ஊரவருக்கு நினைவிருக்கும். "காசு தந்தாலும் நான் பத்தாவது வரிசை வைக்கமாட்டன் ஐயா" என்றார். அந்த மறுப்பினால் அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு உயர்ந்தது.

வழி சொன்னது அக்கா. மதில் முழுவதற்கும் மறைப்பு எதற்கு, கிணற்றடிக்கு நேரே இருக்கும் இருபது அடிக்குப் போதுமே என்றார். மதிலின் உட்புறமாகக் கிளுவைக் கதியால் நட்டு, அது தழைக்கும்வரை பனையோலை வைத்து அடைத்துவிட்டால் ஆயிற்று. ஓலை காற்றுக்கு வளைந்து கொடுக்கும். மதிலில் சாராமல் தன் கதியாலிலேயே நிற்கும்.

"ஆள் மறைய அடைச்சுவிடு தம்பி. கொப்பர் அடைச்ச மாதிரி."

கொந்தராத்துக்காரர் சிரித்தார். அவருக்கு ஓலைவேலி அடைக்கத் தெரியாது. சிறுவயதில் தகப்பனாரோடு போய்க் கீழேயிருந்து ஓலை எடுத்துக் கொடுத்திருக்கிறார், கட்டியதில்லை. இந்தத் தொழில் வேண்டாம் என்றுதான் தகப்பன் அவரை மேசன் வேலைக்கு அனுப்பினார். மரமேறிகளுக்கும் வேலியடைப்பவர்களுக்கும் எங்கள் ஊர் எப்படிக் கூலி கொடுத்தது, எந்த இடத்தில் நிறுத்திவைத்துக் கொடுத்தது என்பதெல்லாம் அறிந்தவர்களுக்கு அந்தத் தகப்பனின் முடிவில் வியப்பு இராது. எங்கள் வீட்டு முற்றத்திலும் அவர் விறாந்தைக்கு ஏறியதாக எனக்கு நினைவில்லை. மகன் அந்த விறாந்தைக் கதிரையில் இருந்துதான் என்னோடு கணக்குப் பார்த்தார்.

ஜூலை நடுப்பகுதியில் ஒன்பதாவது வரிசை ஏறியது. பூச்சும் முடிந்தது. ஓலைக்கு ஆள் தேடுவதுதான் கடினமாயிற்று. கடைசியில் எழுபதைத் தாண்டிய ஒருவரைக் கொந்தராத்துக்காரரே கண்டுபிடித்துத் தம் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓலையை அடுக்கிப் பாரம் வைத்துப் படியவிட்டிருந்தோம். முதியவர் கட்டக் கட்ட, இவர் மறுபுறத்தில் நின்று கயிற்றை வாங்கி இறுக்கினார். இடையில் ஒருதரம் தாமே இரண்டு ஓலை வைத்துக் கட்டிப் பார்த்தார். முதியவர் ஒன்றும் பேசாமல் அதை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார்.

உயரம் பார்ப்பதற்கு நாடா எடுக்கவில்லை. என்னைச் சைக்கிளில் ஏறி ஒழுங்கையால் இரண்டு தரம் போய்வரச் சொன்னார்கள். அக்கா கிணற்றடியில் நின்று "தெரியுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல்முறை தலைமயிர் தெரிந்தது. ஒரு சாண் உயர்த்தினார்கள். இரண்டாவது முறை குரல் மட்டுமே வந்தது.

கடைசித் தவணையை அன்று மாலையே கொடுத்தேன். முதியவரின் கூலியைக் கொந்தராத்துக்காரர் என்னிடம் வாங்க மறுத்தார். அது கூலிக் கணக்கு, பேசியபடி தம்முடையது என்றார். அவ்வாண்டு மாரிக்குக் கிளுவை துளிர்த்துவிட்டது. ஓலையை அதன்பின் ஒருதரம் மாற்றினோம். இப்போது கிளுவையே மதிலுக்கு மேலே அடர்ந்து நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு தரம் வெட்டவேண்டியிருக்கிறது. வெட்டிய குழையை அளவையாளர் வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோவார்கள்.